அண்டார்டிகா இடப்பெயர்த் தொகுப்பு: பெயருக்கு நம்பலாம், புள்ளிக்கு யோசிக்க வேண்டும்

அண்டார்டிகாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து இடங்களுக்குப் பெயர் வைத்த மக்கள் கிடையாது. வெவ்வேறு நாடுகளின் பெயர்க்குழுக்கள்தான் வைக்கின்றன. அவை வைத்தவற்றை எல்லாம் 'ஸ்கார்' என்ற சர்வதேச அறிவியல் அமைப்பு 1992 முதல் ஒரே தொகுப்பாகச் சேர்த்து வருகிறது. இணையத்தில் இலவசம்.

சோதித்துப் பார்க்க ஹன்னா முனை தோதான இடம். தெற்கு ஷெட்லாண்ட் தீவுக்கூட்டத்தில், லிவிங்ஸ்டன் தீவின் தென்கரையில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன முனை இது. ஹன்னா என்பது லிவர்பூலைச் சேர்ந்த சீல் வேட்டைக் கப்பல். 1820 டிசம்பர் 25 அன்று அது இந்தத் தீவுக்கூட்டத்தில் உடைந்தது. 1958-ல் பிரிட்டிஷ் குழு அதன் பெயரை முனைக்குச் சூட்டியது. கப்பல் இதே முனையில்தான் மோதியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; பெயர்க் குறிப்பு அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பெயர்க்காரணப் பகுதிதான் தொகுப்பின் உயிர். இதற்காகவே வைத்துக்கொள்ளலாம்.

சறுக்கல் ஆள்கூறுகளில். ஹன்னா முனைக்குத் தெற்கு 62°39′, மேற்கு 60°37′ என்று நிமிடத்தோடு (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நிறுத்திய அளவுதான் பழைய பதிவு. அட்சரேகையில் ஒரு நிமிடம் சுமார் 1.85 கி.மீ., அங்கே தீர்க்கரேகையில் ஒரு நிமிடம் சுமார் 850 மீட்டர். சின்ன முனை என்றால் புள்ளி கடலில் விழவும் வாய்ப்பு உண்டு. எந்தப் பகுதி என்று தெரிந்துகொள்ள இது போதும். படகு கரையேற்ற இதை நம்பினால் ஆபத்து.

அதைவிடப் பெரிய பிழை பயன்படுத்துபவர்கள் செய்வது. 62°39′ என்பதை 62.39 என்று தட்டினால் புள்ளி சுமார் 29 கி.மீ. வடக்கே போய், தீவையே தாண்டிக் கடலில் விழும். நிமிடத்தை 60-ஆல் வகுத்து 62.65 என்று எழுத வேண்டும். தெற்கு, மேற்கு இரண்டுக்கும் கழித்தல் குறி: -62.65, -60.617. வழக்கமான இணைய வரைபடங்கள் இந்த அட்சரேகையில் தூரத்தை இரண்டு மடங்குக்கும் மேல் நீட்டிக் காட்டும். அதனால் அளப்பதற்குத் துருவ வரைபட வீழல்தான் (துருவத்தை மையமாக வைத்து உருண்டைப் பூமியைத் தட்டையாக வரையும் முறை) ஏற்றது; வரைபட மென்பொருளில் EPSG 3031 என்ற குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஒரே இடத்துக்குப் பல பெயர் இருப்பது குறையல்ல, இந்தக் கண்டத்தின் அரசியல். அதே தீவுக்கூட்டத்தின் கிங் ஜார்ஜ் தீவு அர்ஜென்டினாவுக்கு 'மே 25 தீவு', ரஷ்யர்களுக்கு 'வாட்டர்லூ'. ஸ்கார் இவற்றில் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரே இடத்தின் பெயர்களைப் பொது எண்ணால் கட்டி வைக்கிறது. பட்டியலைக் கோப்பாக இறக்கியதும் முதலில் அந்த எண்ணை வைத்துத் தொகுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தீவை மூன்றாக எண்ணிவிடுவீர்கள்.

தேடும்போது 'முனை' என்ற ஒரு சொல்லோடு நிற்காதீர்கள். ஆங்கிலத்தில் கேப், பாயின்ட். ஸ்பானியத்தில் காபோ, புண்டா. நார்வேப் பெயர்களில் அது தனிச்சொல்லாகவே வராது: கிழக்கு அண்டார்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளில் உள்ள ஸ்டோர்னெஸ் என்பதில் 'நெஸ்' தான் முனை. பெயரால் தேடுவதைவிட நான்கு எல்லைகளைக் கொடுத்துப் பரப்பால் தேடுவது மேல்.