பாலியூரித்தேன் புஷ் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்லீவை அளந்து பாருங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பெர்ஃபார்மன்ஸ் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

என்னுடையது 2017 ஆக்டேவியா ஆர்எஸ். பின்பக்கம் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் பல இரும்புக் கைகள் (ஆர்ம்) பிடித்திருக்கும். அந்த ஆர்ம்களின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் தளர்ந்துபோய், ஈசிஆரில் வளைவுகளில் வண்டியின் பின்பாகம் தனியாக அலைவது போல இருந்தது. சரி, ரப்பரை விட விறைப்பான பாலியூரித்தேன் புஷ் போட்டு வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

கடலூர் சாலையில் ஒரு உதிரிபாகக் கடையில், "ஃபாரின் செட்டு சார், ஆயுசுக்கும் கவலையில்ல" என்று 14,500 ரூபாய் வாங்கினார்கள். பில் கேட்டதற்கு, கடையின் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு.

கழற்றவே 2 ஞாயிற்றுக்கிழமை ஆனது. நம்ம ஊர் உப்புக்காற்றில் போல்ட், புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயான ஸ்லீவோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்கிறது. சக்கரத்தின் சாய்வை (கேம்பர்) அமைக்கும் போல்ட்டுகள் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் பழைய புஷ்களை பிரஸ் வைத்து எடுத்தேன். மாட்டி முடித்து அலைன்மென்டும் பார்த்தாயிற்று.

3 வாரம்தான். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போல ஒரு கிறீச். சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூட முதுகில் அடித்தது. மறுபடி கழற்றிப் பார்த்தால், புஷ்ஷின் இரண்டு பக்கமும் பிராக்கெட் (அதைப் பிடிக்கும் இரும்புத் தாங்கி) அழுந்திய தடம், ஓரமெல்லாம் துகள் துகளாக உதிர்ந்திருந்தது. வெர்னியர் வைத்து அளந்தேன். புஷ்ஷின் அகலம் 46.2 மி.மீ., உள்ளே இருக்கும் இரும்பு ஸ்லீவ் 45.4.

இதில்தான் எல்லாமே இருக்கிறது. ஸ்லீவ், புஷ்ஷை விடக் கொஞ்சமாவது நீளமாக இருக்க வேண்டும். போல்ட்டை முறுக்கும்போது பிராக்கெட் ஸ்லீவைத்தான் பிடிக்கும். அதைச் சுற்றி புஷ் சுலபமாகத் திரும்பும். ஸ்லீவ் குட்டையாக இருந்தால் பிராக்கெட் பாலியூரித்தேனையே நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் சுலபமாக ஆட முடியாது. போதாக்குறைக்கு சிலிகான் கிரீஸ் என்று தந்த பாக்கெட்டில் இருந்தது சாதாரண சேஸிஸ் கிரீஸ்.

புஷ்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விற்கும்போது "சார்" என்றவர், "வீட்டுல நீயா மாட்டிட்டு வந்து எங்கள சொன்னா எப்படி தம்பி?" என்றார். அளவைக் காட்டினேன், அவர் பார்க்கவே இல்லை. வீட்டில் மாட்டினால் ஸ்லீவ் குட்டையாகிவிடுமா? அந்தக் கேள்விக்கு இன்று வரை பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம் என்றால், யார் விற்றது என்று காட்ட என் கையில் ஒரு தாளும் இல்லை. பணத்தை நீட்டும் முன்பே ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள். தரவில்லை என்றால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

இப்போது கம்பெனி ரப்பர் புஷ்ஷே போட்டுவிட்டேன். ரப்பருக்கு ஒன்று முக்கியம்: வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய உயரத்தில்தான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

அந்த செட்டை லாஸ்பேட்டையில் என் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். புஷ் வாங்கப் போகிறவர்கள் யாராவது நேரில் பார்க்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், வெர்னியரோடு காட்டுகிறேன்.