“டவர்ல பிரச்சினை மேடம்”: ஹாட்ஸ்பாட் ரவுட்டர் வாங்கி நான் ஏமாந்த கதை

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதியது என்று சொல்லி எனக்கு விற்ற மொபைல் ஹாட்ஸ்பாட் ரவுட்டர் (சிம் போட்டால் வைஃபை தரும், பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி) பழையது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டரை மாதம் ஆனது. அதற்குள் சிம் மாற்றினேன், பிளானைக் கூட்டினேன், ஒரு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன், சர்வீஸ் சென்டரில் பணம் கட்டினேன். எதுவுமே தேவைப்பட்டிருக்காது. நெட் அடிக்கடி அறுந்து போகிறது என்று இப்போது யாராவது அலைந்துகொண்டிருந்தால், அடுத்த பில்லைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுப்பவள். வாங்கிய முதல் இரண்டு வாரம் ரவுட்டர் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்போது அது ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அப்புறம் சத்தம் தாங்காமல் மேஜையை உள்ளறைக்கு மாற்றினேன். அன்றிலிருந்து ஆரம்பித்தது. பாதிப் பாடத்தில் படம் உறையும், குரல் போகும், நான் பாட்டுக்கு வெற்றுத் திரையிடம் பின்னங்களை விளக்கிக்கொண்டிருப்பேன். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால், “மிஸ், நீங்க மறுபடியும் போயிட்டீங்க” என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு மணி நேர வகுப்பில் நாலைந்து முறை இப்படி.

ஜன்னலை விட்டுத் தள்ளி வந்ததும் கெட்டது என்றால் யாருக்கும் என்ன தோன்றும்? சிக்னல். எனக்கும் அதுதான் தோன்றியது. அதனால்தான் அடுத்து வந்தவர்கள் எல்லாரும் “சிக்னல்” என்று சொன்னபோது நான் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. இதில் என் பங்கும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

கஸ்டமர் கேரில் முதல் முறை பேசியபோது “ரீசெட் பண்ணுங்க மேடம்” என்றார்கள். ஊசியை விட்டு அழுத்தினேன். ரவுட்டர் தொழிற்சாலை நிலைக்குப் போனது, கூடவே ஏபிஎன் அமைப்பும் அழிந்தது. ஏபிஎன் என்பது சிம் எந்த வாசல் வழியாக இணையத்துக்குள் போக வேண்டும் என்று சொல்லும் பெயர். அது தப்பாக இருந்தால் சிக்னல் முழுதாகக் காட்டும், நெட் வராது. அன்று அரை நாள் அப்படியே போனது. ரீசெட் செய்யச் சொன்னவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் ரீசெட் செய்வதாக இருந்தால், அமைப்புகள் இருக்கும் பக்கத்தை முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை “சிம் பழசு” என்றார்கள். புது சிம் வாங்கினேன். மூன்றாம் முறை “உங்க பிளான் பத்தாது, பெரிய பிளானுக்கு மாறுங்க” என்றார்கள். மாறினேன். இது எவ்வளவு அபத்தம் என்று பிறகுதான் உறைத்தது. தினசரி டேட்டா அளவு தீர்ந்தால் பொதுவாக வேகம் குறையும், அல்லது அன்றைக்கு நின்றே போகும். ஒரு நிமிடம் அறுந்து தானாகத் திரும்பி வந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அறுகிற வேலையைப் பிளான் செய்யாது.

நான்காவதாக, வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரர் அன்பாகத்தான் பேசினார். மேஜை இழுப்பறையிலிருந்து பளபளவென்று ஒரு தகட்டு ஸ்டிக்கரை எடுத்து, “இதைப் பின்னாடி ஒட்டுங்க மேடம், சிக்னல் இரண்டு கோடு ஏறும்” என்றார். ஒட்டினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, கணக்கு சொல்லிக்கொடுப்பவள் நான். மின்சாரமும் இல்லாமல், ஆண்டெனாவோடு எந்த இணைப்பும் இல்லாமல் ஒரு தகடு சிக்னலை எப்படிக் கூட்டும்? நிஜமான சிக்னல் பூஸ்டர் வேறு கருவி. அதற்கு மின்சாரம் வேண்டும், வெளியே ஆண்டெனா வேண்டும், பல நாடுகளில் அனுமதியில்லாமல் அதை வைத்துக்கொள்ளவும் கூடாது, ஏனென்றால் அது டவரையே தொந்தரவு செய்யும்.

கடைசியாக சர்வீஸ் சென்டர். ஐந்து நாள் வைத்திருந்துவிட்டு, “சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியிருக்கோம், இனிமே வராது” என்று பில் கொடுத்தார்கள். அன்று மாலை வகுப்பிலேயே வந்தது. பிறகு ஒருநாள், கஸ்டமர் கேருக்கு அனுப்புவதற்காக முன்பு எடுத்த படம் ஒன்று போனில் கிடைத்தது. அதில் ரவுட்டரின் சாஃப்ட்வேர் பதிப்பு எண் தெரிந்தது. அப்டேட் ஆனதாகச் சொன்ன பிறகும் அதே எண், ஒரு புள்ளி மாறவில்லை. எதற்குப் பணம் வாங்கினார்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு மாணவியின் அண்ணன் கேட்ட கேள்வியில். “மிஸ், நெட் போகும்போது உங்க போன்ல வைஃபை பெயர் இருக்கா, அதுவும் போயிடுதா?” அவ்வளவுதான். இத்தனை பேர் பணம் வாங்கினார்களே, ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அடுத்த முறை அறுந்தபோது வைஃபை பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெயரே காணோம். ஒரு நிமிடம் கழித்துத்தான் வந்தது.

டவர் சிக்னல் போனால் வைஃபை பெயர் ஏன் போக வேண்டும்? போகாது. இந்த ரவுட்டருக்குள் இரண்டு ரேடியோ இருக்கின்றன. ஒன்று டவரோடு பேசுவது, மற்றொன்று உங்கள் போனோடும் லேப்டாப்போடும் பேசுவது. டவர் பக்கம் அறுந்தால் வைஃபை பெயர் அப்படியே நிற்கும், “இணையம் இல்லை” என்று மட்டும் காட்டும். பெயரோடு சேர்த்து எல்லாமே மறைந்து ஒரு நிமிடத்தில் திரும்பினால், கருவியே அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நெட் போன உடனே அட்மின் பக்கத்தை, அதாவது ரவுட்டரின் அமைப்புகள் இருக்கும் பக்கத்தை, திறக்கப் பார்த்தேன். பிரவுசரில் 192.168.0.1, 192.168.1.1, 192.168.8.1 இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் திறக்கும், ரவுட்டர் ஸ்டிக்கரிலும் இருக்கும். திறக்கவில்லை. திரும்பி வந்ததும் திறந்தால், ‘இயங்கும் நேரம்’ என்ற இடத்தில் 40 விநாடி. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் கருவி அது!

அப்படியென்றால் ஜன்னல் ஓரத்தில் மட்டும் ஏன் ஒழுங்காக ஓடியது? எனக்கு இதுதான் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் ரவுட்டர் டவரோடு மெல்லப் பேசினால் போதும். உள்ளறைக்குப் போனால் கத்த வேண்டும். 4ஜி கருவிகளுக்கு வழக்கமான உச்சம் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். அதை வெளியே அனுப்ப, உள்ளே அதைப்போலப் பல மடங்கு மின்சக்தியைக் கருவி இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்க வேண்டியது பேட்டரி. பேட்டரி தளர்ந்துபோயிருந்தால் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சட்டென்று இறங்கி, கருவி அணைந்துவிடும். போதாக்குறைக்கு நான் அதை லேப்டாப்பில் செருகி வைத்திருந்தேன். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று முறைப்படி தருவது 500 மில்லிஆம்பியர், அதாவது அரை ஆம்பியர்தான். ரவுட்டரோடு வந்த சார்ஜர் 2 ஆம்பியர். ஆக, சிக்னல் குறைவு வெறும் தூண்டுகோல். கோளாறு பேட்டரியில்.

மூடியைக் கழற்றினேன். பேட்டரி லேசாக உப்பியிருந்தது, மேஜையில் வைத்தால் பம்பரம் மாதிரி சுற்றியது. அதில் அச்சிட்டிருந்த தயாரிப்புத் தேதி நான் வாங்கிய நாளுக்கு நான்கு வருடம் முந்தையது. பேட்டரிக்கு அடியில் ஐஎம்இஐ ஸ்டிக்கர். ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள அடையாள எண், 15 இலக்கம். பெட்டியில் இருந்த எண்ணும் அதே. ஆனால் அட்மின் பக்கம் காட்டியது வேறு எண். எவருடைய பழைய மின்சுற்றுப் பலகையோ, புதுக் கூட்டுக்குள் உட்கார்ந்து, சீல் ஒட்டின பெட்டியில் எனக்கு வந்திருக்கிறது.

(உப்பிய பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். தீப்பிடிக்கக்கூடிய சாமான் அது.)

கடைக்குப் போய் மூன்று எண்களையும் காட்டினேன். அன்பு போய்விட்டது. “நீங்க எங்கேயோ கொடுத்து மாத்தியிருப்பீங்க” என்றார். சர்வீஸ் சென்டர் பில் என் கையில் இருந்தது என் பக்கத்துக்கே எதிராகப் போனது, வெளியே திறந்ததற்கு அதுவே சாட்சியாம். கடையின் பில்லை எடுத்துப் பார்த்தால் ‘ரவுட்டர் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஐஎம்இஐ இல்லை, மாடல் எண்கூட இல்லை. நான் வாங்கியது இந்தப் பெட்டிதான் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு காகிதம் இல்லை. நுகர்வோர் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

அதனால் வாங்குபவர்கள் கடையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன், சிம் போட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். அட்மின் பக்கத்து ஐஎம்இஐயும் பெட்டி எண்ணும் பேட்டரிக்கு அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இன்னொன்று, பெட்டியில் எழுதியிருக்கும் பேண்ட் (கருவி பேசும் அலைவரிசை) எண்களை உங்கள் சிம் நிறுவனம் பயன்படுத்தும் பேண்டுகளோடு ஒப்பிடுங்கள். வேறொரு பிராந்தியத்துக்காகச் செய்த மாடலில் 700, 800, 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த பேண்ட் ஏதாவது விடுபட்டிருக்கலாம். சுவர் தாண்டி உள்ளே வருவதில் அவைதான் கெட்டி.

எல்லாருக்கும் என் கோளாறே இருக்கும் என்று சொல்ல வரவில்லை. வைஃபை பெயர் நிற்கிறது, நெட் மட்டும் போகிறது என்றால் உங்கள் பிரச்சினை நிஜமாகவே டவர் பக்கமாக இருக்கலாம். அப்போதும் கோடுகளை நம்பாதீர்கள், எத்தனை கோடு காட்டுவது என்பது தயாரிப்பாளர் இஷ்டம். அட்மின் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண் இருக்கும், டவர் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று டெசிபல் கணக்கில் சொல்வது அது. தோராயமாக, மைனஸ் 80 அருமை, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110-க்குக் கீழே தடுமாற்றம், மைனஸ் 120 பக்கம் போனால் எப்போது வேண்டுமானாலும் அறுகும். ரவுட்டரை இரண்டடி நகர்த்தினாலே பத்து எண் மாறுவதை நானே பார்த்தேன். பத்து டெசிபல் என்றால் பத்து மடங்கு. 4ஜிக்கும் 3ஜிக்கும் மாறி மாறித் தாவுகிறது என்றால் ‘4ஜி மட்டும்’ என்று நிறுத்திப் பாருங்கள்.

பெயரும் இருக்கிறது, அட்மின் பக்கமும் திக்கித் திக்கித் திறக்கிறது என்றால் வைஃபை பக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சானல்களில் ஒன்றை வைத்துப் பாருங்கள், முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள், அது 2.4-ஐக் கெடுக்கும். இன்னும் சந்தேகமா, வைஃபையை விட்டுவிட்டு யுஎஸ்பி வயரில் லேப்டாப்பை இணைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சில கருவிகள் பத்து நிமிடம் யாரும் இணையவில்லை என்றால் வைஃபையைத் தாமாகவே அணைத்துத் தூங்கப் போகும். அது கோளாறே இல்லை, அமைப்பில் மாற்றலாம்.

இப்போது நான் புது பேட்டரி போட்டு, சுவர் சார்ஜரில் செருகி, அதே உள்ளறையில் ஓட்டுகிறேன். மூன்று வாரமாகிறது, வகுப்பு நடுவே ஒருமுறைகூடப் போகவில்லை. பழைய பலகை எத்தனை நாள் தாங்குமோ தெரியாது. பேட்டரி மாற்றிய நாலாம் நாள் கஸ்டமர் கேரிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் பகுதியின் சிக்னல் பிரச்சினை சரிசெய்யப்பட்டது, புகார் முடித்துவைக்கப்படுகிறது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?