மான் வேட்டைத் தோட்டாவுக்கு எந்தக் குண்டு? விலை கூடிய பெட்டிகள் ஒரு மதிப்பீடு

தோட்டாவை (கூடு, அதற்குள் மருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், முன்னால் குண்டு) தாமே நிரப்பி மான் வேட்டையாடுவோருக்கான மதிப்பீடு இது. வெண்வால் மான் தடித்த தோல் விலங்கு அல்ல. நன்கு வளர்ந்த ஆண் மானுக்கே பக்கவாட்டில் நெஞ்சு ஒன்றரை அடியைத் தாண்டாது, விலா எலும்பும் மெல்லியது. .308 வின்செஸ்டர் தோட்டாவில் 165 கிரெயின் எடையுள்ள குண்டை வினாடிக்கு 2700 அடி வேகத்தில் விட்டு, முன்காலுக்குச் சற்றுப் பின்னால் நுரையீரலில் வைத்தால் ஹார்னடி இன்டர்லாக், சியரா கேம்கிங் போன்ற சாதாரண ஈயக் குண்டே காரியத்தை முடித்துவிடும். அப்படியிருக்க, 'பிரீமியம்' என்று அச்சடித்த பெட்டிக்குக் கூடுதல் காசு எதற்கு? மானைத் தொடும் நொடியில் குண்டு என்ன வேகத்தில் இருக்கும் என்பதைப் பொறுத்தது அது. மற்றதெல்லாம் விளம்பரம்.

சாதாரண குண்டு என்பது மெல்லிய செம்புக் கலவை உறைக்குள் மென்மையான ஈயம், அவ்வளவுதான். .270 வின்செஸ்டரிலோ .300 வின்செஸ்டர் மேக்னத்திலோ 3000 அடி வேகத்தில் புறப்பட்டு, 50 கெஜத்தில் நிற்கும் மானின் தோள்பட்டை எலும்பில் மோதினால் உறை கிழிந்து ஈயம் தனியே கழன்றுவிடும். மேலோட்டமாகப் பெரிய காயம், உள்ளே போதிய ஆழம் இல்லை, தோள் இறைச்சி முழுக்க ரத்தக் கட்டு. எதிர்முனையிலும் ஒரு சிக்கல் உண்டு. தொலைவில் வேகம் குறைந்தபின் கெட்டியான குண்டு விரியாமலே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மான் ஓடும், ரத்தத் தடமும் கிடைக்காது. இந்த இரு முனைகளுக்கும் நடுவில் உள்ள வேக வரம்பை அகலப்படுத்தத்தான் விலை கூடிய குண்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் அதை ஒவ்வொரு வழியில் செய்கிறது.

நோஸ்லர் பார்ட்டிஷன் 1948 முதல் கடையில் இருக்கிறது. நெடுக்காக அறுத்துப் பார்த்தால் உறையின் நடுவே குறுக்காக ஒரு செம்புச் சுவர், மேலே ஓர் ஈயக்கட்டி, கீழே ஓர் ஈயக்கட்டி. மேல் பாதி எளிதில் விரிந்து சிதறும். சுவருக்குக் கீழே உள்ளது அப்படியே உள்ளே பாயும். எடையில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கிட்டத்திலும் சரி, 1800 அடி வேகத்திலும் சரி, இது ஏமாற்றுவது அரிது. குறை இரண்டு. மூக்கில் ஈயம் வெளியே தெரிவதால் மேகசினில் அதிர்ந்து அதிர்ந்து முனை மழுங்கும். காற்றைக் கிழித்துப் பறக்கும் திறனும் சுமார்தான்: .30 காலிபர் (குழல் விட்டம்) 165 கிரெயினுக்கு ஜி1 எனும் அளவுகோலில் .410 (எண் கூடினால் வேகம் மெதுவாகக் குறையும்). 300 கெஜத்துக்குள் சுடுபவருக்கு இரண்டும் பொருட்டே இல்லை. துல்லியத்தில் மட்டும் எல்லா ரைஃபிளுக்கும் இது ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

அதே நிறுவனத்தின் அக்யூபாண்ட் வேறு வழியில் போகிறது. ஈயத்தை உறையோடு ஒட்டவைத்து, முன்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் முனை வைத்திருக்கிறார்கள். உறை கழலாது, எடை மிச்சமும் ஏறத்தாழ பார்ட்டிஷன் அளவுதான். பறக்கும் திறன் 165 கிரெயினில் .475. 2700 அடியில் புறப்பட்டால் 300 கெஜத்திலும் 2100க்கு மேலேயே நிற்கும், அதாவது விரிவதற்கு வேண்டிய 1800 அடிக்கு நிறையவே மேலே. .30 காலிபர் ரைஃபிள் வைத்திருப்பவர் ஒரே ஒரு பெட்டிதான் வாங்குவார் என்றால் எங்கள் ஓட்டு இதற்கு. இன்னொரு வசதியும் உண்டு: நோஸ்லரின் பாலிஸ்டிக் டிப் 165க்கும் அதே .475தான். பயிற்சிக்கு விலை குறைந்த பாலிஸ்டிக் டிப், வேட்டைக்கு அக்யூபாண்ட் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் மருந்தளவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே மாற்றக் கூடாது. குறைத்து ஆரம்பித்து, இலக்கில் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்தபின்தான் நம்ப வேண்டும்.

பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் முழுக்கச் செம்பு, ஈயமே கிடையாது. மூக்கில் குழி, அதில் நீல முனை. மோதியதும் நான்கு இதழாக மடங்கி விரியும். எடை கிட்டத்தட்ட அப்படியே மிஞ்சும். மானுக்குள் தங்கிவிட்ட குண்டை இறைச்சி வெட்டும்போது கையால் துழாவாதீர்கள், இதழின் ஓரம் விரலைக் கிழிக்கும். இந்தக் குண்டை வாங்குவோர் செய்யும் பெரிய தவறு எடையில்தான் நடக்கிறது. செம்பின் அடர்த்தி 8.96, ஈயத்தின் அடர்த்தி 11.34. ஆகவே அதே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், கூட்டுக்குள் மருந்தின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஈயத்தில் 165 அல்லது 180 கிரெயின் சுட்டவர் செம்பில் 150க்கு இறங்கினால் நல்லது. எடை அப்படியே மிஞ்சுவதால் ஊடுருவலில் நட்டம் இல்லை. வேகம் கூடும், செம்புக்குத் தேவையும் வேகம்தான். உள்வரிகள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் பழைய .308 குழலில் 150க்கு மேல் போக வேண்டாம். .243 வின்செஸ்டர் போன்ற சின்னக் காலிபரில் செம்பின் அருமை நன்றாகவே தெரியும். 80 கிரெயின் டிடிஎஸ்எக்ஸ் தோள் எலும்பை உடைத்தும் உள்ளே போகும், அதே காலிபரில் மெல்லிய உறைக் குண்டிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

ஈயம் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. ஈயக் குண்டு சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத் தடத்திலிருந்து பல அங்குலம் தள்ளியும் இறைச்சியில் போய்த் தங்குகின்றன. காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியாவிட்டால் அவை சாப்பாட்டுத் தட்டுக்கு வரும். வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலைத் தின்று காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்ததும் கலிபோர்னியா சட்டத்துக்குப் பின்னணி. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அங்கே பார்ட்டிஷனா அக்யூபாண்டா என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் பார்ட்டிஷனைப் போல நடுச்சுவர் கொண்டது, முன்பாதி ஈயம் உறையோடு ஒட்டவும் செய்யப்பட்டது. அருமையான குண்டு, ஆனால் எல்க், மூஸ், கரடிக்கு. வெண்வால் மானுக்கு இந்த விலை வீண், இவ்வளவு கெட்டியும் தேவையில்லை.

ஹார்னடி ஈஎல்டி-எக்ஸைப் பற்றி வாதம் ஓயாது. வெப்பத்தில் முனை உருகாத பிளாஸ்டிக், நீண்ட மூக்கு, .30இல் 178 கிரெயின், 6.5இல் 143 கிரெயின். இலக்குத் தாளில் அழகாகச் சுடும், 400 கெஜத்துக்கு அப்பால் நன்றாக விரியும். ஒட்டவைக்காத ஈயம் என்பதால் மேக்னம் வேகத்தில் கிட்டத்தில் அடித்தால் பாதிக்கு மேல் சிதறலாம். 6.5 கிரீட்மோர் போன்ற மிதமான தோட்டாவில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. மரங்கள் அடர்ந்த காட்டில் 60 கெஜத்தில் காத்திருப்பவர், அதுவும் .300 மேக்னத்தோடு, இதைத் தவிர்ப்பதே நல்லது. பெர்கர் ஹன்டிங் குண்டுகளுக்கும் இதே கதைதான். அவை உள்ளே சில அங்குலம் போய்ச் சிதறும்படி வேண்டுமென்றே செய்யப்பட்டவை. விலா வழியே நுரையீரல் என்றால் பயங்கரமாக வேலை செய்யும், தோள் எலும்பில் அடிப்பது சூதாட்டம்.

குண்டைத் தேர்ந்தபின் நிரப்பும் மேசையில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். மருந்தளவை அந்தக் குண்டைச் செய்தவரின் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். எடை ஒன்றாக இருந்தாலும் குழலை உரசும் பரப்பும் உலோகத்தின் கடினமும் வேறு, ஆகவே அழுத்தமும் வேறு. தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, .308 அளவுள்ள கூட்டுக்கு 0.3 முதல் 0.5 கிரெயின் வரை படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் மூன்று தோட்டா. ரைஃபிளின் போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது கை கனத்தாலோ, கூட்டின் அடியில் எஜெக்டரின் (காலிக் கூட்டை வெளியே தள்ளும் ஊசி) பளபளப்பான வட்டத் தடம் விழுந்தாலோ அழுத்தம் மிஞ்சிவிட்டது, அங்கேயே நிறுத்த வேண்டும். பிரைமர் தட்டையாவதை மட்டும் நம்பாதீர்கள். மென்மையான பிரைமர் குறைந்த அழுத்தத்திலேயே தட்டையாகும், கெட்டியான பிரைமர் அதிக அழுத்தத்திலும் வாய் திறக்காது.

அடுத்தது குண்டை எவ்வளவு ஆழத்தில் உட்கார வைப்பது. செம்புக் குண்டுகளுக்குக் குழலின் வரிகளைத் தொடும் இடத்திலிருந்து 0.050 அங்குலம் பின்னால் வைத்து ஆரம்பிக்கச் சொல்கிறது பார்ன்ஸ். அதற்கும் பின்னால் போனால் சில ரைஃபிள்களில் இலக்கில் விழும் துளைகளின் கூட்டம் இன்னும் இறுகும். கிட்டத்தில் ஒட்டிவைத்தால் துல்லியம் கூடும் என்ற பழைய நம்பிக்கையைச் செம்பில் பிடித்துத் தொங்கினால் அழுத்தம்தான் எகிறும். நீளத்தை முனையிலிருந்து அளக்காதீர்கள், பிளாஸ்டிக் முனைகள் ஒரே பெட்டிக்குள்ளேயே சற்று ஏறி இறங்கும். கம்பரேட்டர் எனும் அளவுக் கருவி வைத்து மூக்கின் வளைவிலிருந்து அளப்பதே சரி. மேகசினுக்குள் அடங்குகிறதா என்று பார்க்க மட்டும் மொத்த நீளம் போதும். .308க்கு வரையறை 2.810 அங்குலம், .30-06க்கும் .270க்கும் 3.340.

வெள்ளை முனை நசுங்கியோ சாய்ந்தோ வந்தால் குற்றவாளி குண்டு அல்ல, அதைக் கூட்டில் உட்கார வைக்கும் அச்சான டையின் உள்தண்டு. தண்டின் குழி ஆழம் போதாவிட்டால் அது மூக்கின் வளைவைப் பிடிக்காமல் முனையை அழுத்தும், ஆழமும் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். நீள மூக்குக் குண்டுகளுக்கென்று தனித் தண்டு விற்கிறார்கள், டைக்கு முன் அதை வாங்கிவிடலாம்.

உறை போட்ட ஈயக் குண்டிலிருந்து செம்புக்கு மாறும்போது குழலைச் செம்பு கரைக்கும் திரவம் விட்டு, துணியில் நீலம் வருவது நிற்கும் வரை துடைத்துவிட்டுத்தான் சோதனை தொடங்க வேண்டும். பழைய படிவின் மேல் புதுக் குண்டைச் சுட்டுவிட்டு 'இந்த ரைஃபிளுக்குச் செம்பு ஒத்துவராது' என்று பெட்டியை விற்பவர்கள் ஏராளம்.

விலையை ஒப்பிடும்போது பெட்டியில் எத்தனை என்று பாருங்கள். ஹார்னடியின் எஸ்எஸ்டி, இன்டர்லாக் போன்றவை பெரும்பாலும் 100 வரும். பார்ட்டிஷன், டிடிஎஸ்எக்ஸ், ஏ-ஃபிரேம் 50தான். தோட்டா நிரப்பப் பழகும்வரை 100 உள்ள பெட்டி, ரைஃபிளின் பிடித்தம் தெரிந்தபின் 50 உள்ள பெட்டி என்று வைத்துக்கொண்டால் கை கடிக்காது. ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் இரண்டு பெட்டி கிடைத்தால் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

.30-30 லீவர் ரைஃபிள்காரர்களுக்கு மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பொருந்தாது. குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரை முட்டிக்கொண்டு நிற்கும். கூரான கெட்டி முனையை அங்கே ஏற்றினால் சுடும்போது வரும் உதையிலேயே முன்னால் உள்ள தோட்டா வெடித்துவிடலாம். தட்டை மூக்குக் குண்டு, அல்லது ரப்பர் போல மென்மையான முனை கொண்ட ஹார்னடி எஃப்டிஎக்ஸ், இவை இரண்டில் ஒன்றோடு நின்றுகொள்ள வேண்டும்.