ரட்டாட்டாவா, கல் லீடா, ஸ்கார்ஃப் ட்ரிக்கா?

போக்கிமான் வீடியோ கேம் போட்டியில் முதல் டர்னிலேயே (சுற்றிலேயே) எதிராளியைத் திகைக்க வைக்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் 2010இல் பிளாக், ஒயிட் விளையாட்டுகளோடு டீம் பிரிவியூ வந்ததும் பாதித் திகைப்பு போய்விட்டது. ஆறு போக்கிமானும் முன்னாலேயே தெரிந்துவிடும். எது முதலில் இறங்கும், கையில் என்ன ஐட்டம் (பொருள்), என்ன மூவ் (தாக்குதல் அல்லது தந்திரம்) என்பவை மட்டும்தான் மறைவு. அதனால் ஒரு லீடை, அதாவது முதலில் இறக்கும் போக்கிமானை, எடைபோடும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: குட்டு வெளிப்பட்ட பிறகும் அதனால் ஏதாவது பயன் உண்டா?

இந்தக் கேள்வியில் முதலில் விழுவது லெவல் 1 ரட்டாட்டா. பார்க்க அழகான தந்திரம்தான். எதிரே 323 எச்பியோடு (உயிர்ப்புள்ளியோடு) ஒரு டிராகனைட் நிற்கிறது என்று வையுங்கள். அது அடிக்கும், கையில் உள்ள ஃபோகஸ் சாஷ் என்ற ஐட்டம் ரட்டாட்டாவை 1 எச்பியில் பிடித்து நிறுத்தும். அதே டர்னில், எதிராளியின் எச்பியைத் தன் அளவுக்கு இறக்கும் எண்டெவர் மூவைப் போட்டால் டிராகனைட்டும் 1 எச்பிக்கு இறங்கும். அடுத்த டர்னில், வேகம் குறைந்தாலும் முந்தி அடிக்கும் குயிக் அட்டாக், ஆட்டம் முடிந்தது. ஆனால் டிராகனைட்டிடம் எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் இருந்தால் அது குயிக் அட்டாக்கை முந்திக்கொள்ளும். கோஸ்ட் வகை வந்தால் இரண்டு மூவுமே படாது. டைரானிட்டர் கிளப்பும் மணல் புயல் அந்தக் கடைசி 1 எச்பியையும் பறித்துவிடும். அதிகாரப்பூர்வ ரேங்க் போட்டிகளில் எல்லாவற்றையும் லெவல் 50க்கு மாற்றிவிடுவதால் அங்கே இதற்கு வேலையே இல்லை. நண்பர்களுக்குள் ஒருமுறை சிரிக்கலாம், அவ்வளவுதான்.

சாஷ் கட்டி வந்து எதிர்ப்பக்கம் கல் பரப்பும் கல் லீடில் அதிர்ச்சி குறைவு, பலன் அதிகம். விளையாட்டின் ஒன்பதாம் தலைமுறையில் கிளிம்மோரா என்ற போக்கிமானைப் பாருங்கள். ஸ்டெல்த் ராக் போடும், அதாவது உள்ளே வருபவற்றைக் குத்தும் கல்லை எதிர்ப்பக்கம் பரப்பும். பிசிக்கல் வகை அடி வாங்கினால் டாக்ஸிக் டெப்ரிஸ் திறனால் எதிர்ப்பக்கம் விஷ முள்ளும் விழும். அதாவது அதை அடிப்பதே எதிராளிக்கு நஷ்டம். அது விழுந்த பிறகும் கல் கிடக்கும். சாதாரணமாக உள்ளே வரும்போது 12.5% எச்பி போகும், வோல்கரோனா, சாரிஸார்ட் மாதிரி ராக் அடிக்கு நாலு மடங்கு பலவீனமானவற்றுக்குப் பாதி உயிரே போய்விடும். கூட ஒரு கோல்டெங்கோ இருந்தால் இன்னும் நல்லது. கல்லை அகற்றும் டீஃபாக் மூவை எதிராளி போட்டாலும் அதன்மேல் செல்லாது. அது கோஸ்ட் என்பதால் கல்லை அகற்றும் இன்னொரு மூவான ரேபிட் ஸ்பின்னும் படாது. குறை இல்லாமல் இல்லை. 2019இல் வந்த ஹெவி டியூட்டி பூட்ஸ் போட்டவற்றைக் கல் தொடாது. ஹேட்டரீனின் மேஜிக் பவுன்ஸ் கல்லை நம் பக்கமே திருப்பிவிடும். டான்ட் (அடிக்கும் மூவை மட்டுமே போட விடும் மூவ்) வாங்கினால் கல்லே போட முடியாது.

அணியில் உள்ள வேறொரு போக்கிமான் போல வேஷம் போட்டு இறங்கும் ஸோரோவார்க்கின் மாறுவேடத்தை எனக்குப் பிடிக்கும், ஆனால் நம்ப மாட்டேன். பிரிவியூவில் அதன் முகத்தைப் பார்த்ததுமே எதிராளி எல்லாவற்றையும் சந்தேகிக்க ஆரம்பிப்பார். ஒரு அடி பட்டால் வேஷம் கலைந்துவிடும்.

என் ஓட்டு ஸ்கார்ஃப் ட்ரிக்குக்கு. நம் ரோட்டம் வாஷ் கையில் சாய்ஸ் ஸ்கார்ஃப் (வேகம் கூட்டும், ஆனால் ஒரே மூவில் பூட்டிவிடும் ஐட்டம்), எதிரே பிளிஸ்ஸி என்று வைத்துக்கொள்வோம். அது ஸ்டெல்த் ராக் போட நினைத்த டர்னில், நாம் முந்திக்கொண்டு, இருவர் ஐட்டத்தையும் மாற்றிவிடும் ட்ரிக் மூவைப் போட்டு ஸ்கார்ஃபை அதன் தலையில் கட்டுகிறோம். இனி அது ஸ்டெல்த் ராக்கிலேயே மாட்டிக்கொள்ளும். வெளியே போனால்தான் விடுதலை. திரும்ப வந்தாலும் முதலில் தொட்ட மூவில் மறுபடி மாட்டும். தந்திரம் தெரிந்த பிறகும் ஸ்கார்ஃப் அங்கேயேதான் இருக்கும். அதன் கையில் இருந்த லெஃப்ட்டோவர்ஸ் என்ற ஐட்டம் நமக்கு. ட்ரிக்கைத் தடுக்கும் சப்ஸ்டிட்யூட்டும் (பொம்மைக் கவசம்) கோல்டெங்கோவும் மட்டும் எதிரே இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் எதிராளியின் ஐட்டத்தையும் கொஞ்சம் ஊகிக்க வேண்டும். ஒருமுறை பெரிய நம்பிக்கையோடு ட்ரிக் போட்டேன். ஸ்கார்ஃபைக் கொடுத்தேன், பதிலுக்கு வந்ததும் ஸ்கார்ஃப்.