ஸ்பேம் வடிகட்டி: ஜிமெயிலா, தண்டர்பேர்டா, ஸ்பாம்அசாசினா?

ஸ்பேம் வடிகட்டி எத்தனை குப்பை அஞ்சல்களைப் பிடிக்கிறது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். நல்ல அஞ்சல் தவறிப்போய் மாட்டிக்கொண்டால் அதை மீட்பது எவ்வளவு எளிது என்பதே என் முதல் கேள்வி. பத்து லாட்டரி அஞ்சல்கள் உள்ளே வந்தால் அழித்துவிட்டுப் போகலாம். நேர்முகத் தேர்வு அழைப்பு ஒன்று காணாமல் போனால் யார் ஈடு தருவார்கள்?

பிடிக்கும் திறனில் ஜிமெயிலோடு மற்ற இரண்டும் போட்டியிடுவது கடினம். கோடிக்கணக்கானோர் ஸ்பேம் என்று சுட்டும் அஞ்சல்களிலிருந்து அது கற்றுக்கொள்கிறது. அனுப்புபவர்களுக்கும் கடிவாளம் போட்டிருக்கிறது: 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று அடையாளச் சோதனைகளுக்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஆனால் ஓர் அஞ்சலை ஏன் ஒதுக்கியது என்பதற்கு ஓரிரு வரிகளே விளக்கமாகக் கிடைக்கும். ஒதுக்கியதை 30 நாள்களில் அழித்தும் விடும். பாப் முறையில் அஞ்சலைக் கணினிக்கு இறக்குவோருக்கு ஸ்பேம் பெட்டியில் இருப்பவை வந்து சேர்வதே இல்லை. அவர்கள் இணையத்தில் போய்ப் பார்க்காவிட்டால் அந்த 30 நாள்களும் ஓடிவிடும்.

தண்டர்பேர்டு, கணினியில் நிறுவி அஞ்சல் படிக்க உதவும் மென்பொருள். அதன் வடிகட்டி உங்கள் கணினியிலேயே இயங்குகிறது. எந்தச் சொற்கள் குப்பையில் அதிகம் வருகின்றன, எவை நல்ல அஞ்சலில் வருகின்றன என்று எண்ணி நிகழ்தகவு பார்க்கும் முறை அது. குப்பையைக் காட்டிக்கொடுத்தால் மட்டும் போதாது. நல்லதையும் நல்லது என்று சுட்ட வேண்டும். பலர் இந்த இரண்டாம் பாதியைச் செய்யாமலே வடிகட்டியைக் குறை சொல்கிறார்கள். முகவரிப் புத்தகத்தில் இருப்பவர்களின் அஞ்சலைத் தொடாதே என்று சொல்லும் வசதி எனக்கு மிகவும் பிடித்தது.

ஸ்பாம்அசாசின் 2001-இல் பிறந்தது. அஞ்சல் சர்வரில் இயங்குவது. சொந்த டொமைன் (இணையப் பெயர்) வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்குப் பல ஹோஸ்டிங் சேவைகள் இதைச் சேர்த்தே தருகின்றன. ஒவ்வொரு விதிக்கும் ஒரு மதிப்பெண்; கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் ஸ்பேம். எந்த விதி எத்தனை புள்ளி போட்டது என்பதை அஞ்சலின் தலைப்பகுதியிலேயே (அஞ்சலோடு மறைவாக வரும் தொழில்நுட்பக் குறிப்புகளில்) படிக்கலாம். இந்த வெளிப்படைத்தன்மைக்காகவே இதை மதிக்கிறேன். 2010 ஜனவரியில் ஒரு விதி, அந்த ஆண்டுத் தேதியிட்ட அஞ்சல்களையெல்லாம் தொலைதூர எதிர்காலத்தில் எழுதப்பட்டவை என்று கருதிப் புள்ளிகளை ஏற்றியது. தப்பு செய்த விதியின் பெயர் தலைப்பகுதியில் அப்படியே நின்றதால், அதைக் கண்டுபிடித்து மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்க முடிந்தது.

இதையும் பழக்க வேண்டும்: குறைந்தது 200 குப்பை, 200 நல்ல அஞ்சல் காட்டிய பிறகே அதன் கற்றல் பகுதி புள்ளி போடத் தொடங்கும். பலர் பகிரும் சர்வரில் 5 என்ற எல்லை கடுமையானது. 8 அல்லது 10 வைக்கலாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது. பெரிய சர்வரை நீங்களே நடத்தினால் சி மொழியில் எழுதப்பட்ட, வேகமான ஆர்ஸ்பாம்டி என்ற வடிகட்டியையும் பாருங்கள்.

தனிநபருக்கு ஜிமெயிலே போதும். வாரம் ஒருமுறை ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்த்தால் சரி. சொந்த டொமைனில் அலுவலக அஞ்சல் நடத்துவோருக்கு என் தேர்வு, ஸ்பாம்அசாசினும் தண்டர்பேர்டும் சேர்ந்த கூட்டணி. சர்வர் போட்ட குறியை நம்பும்படி தண்டர்பேர்டில் அமைக்க முடியும். சர்வர் குறியிட்டால் மட்டும் போதும். தானாக அழிக்கும் வசதியை அணைத்து வையுங்கள்.