அட்டமி நவமியில் பாயார்: பதினோரு ஆண்டு முக்குளிப்பு அனுபவம்

பினாங்கில் இருந்துகொண்டு ஸ்கூபா முக்குளிப்பில் ஈடுபடுகிறேன் என்று சொன்னால், கேட்பவர் உடனே ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான், சிப்பாடான் என்று பெயர்களை அடுக்குவார். பாயார் தீவு என்று சொன்னாலோ, "அது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மீனுக்கு ரொட்டி போடுகிற இடமாயிற்றே" என்று முகம் சுளிப்பார். 2014ஆம் ஆண்டு முதன்முதலாக அங்கே இறங்கியதிலிருந்து இன்றுவரை என் குறிப்பேட்டில் ஏறியுள்ள முக்குளிப்புகளில் 43 அந்தத் தீவைச் சுற்றியவை. தண்ணீர் கலங்கல், மீன் இல்லை, காசுக்குக் கேடு என்று அதைப் பற்றிச் சொல்லப்படும் குறைகள் எல்லாம் உண்மையாக இருந்த நாள்களும் அவற்றுள் உண்டு. அந்த நாள்களைக் குறிப்பேட்டில் தேடிப் பார்த்தபோது, ஏறத்தாழ எல்லாமே அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி வந்திருந்தன.

மலாக்கா நீரிணையின் வட பகுதியில், லங்காவிக்குத் தெற்கே 30 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், பினாங்கிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கிறது பாயார். நீளம் 2 கிலோமீட்டர்கூட இராது. பாயார், காச்சா, லெம்பு, செகந்தாங் ஆகிய நான்கு தீவுகளும் சேர்ந்ததே பாயார் கடல் பூங்கா. கரையிலிருந்து 2 கடல் மைல் வரை மீன் பிடிக்கவோ பவளத்தை எடுக்கவோ சட்டம் இடம் தருவதில்லை. தங்கும் விடுதி கிடையாது. காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். ரெடாங், தியோமான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகள் வடகிழக்குப் பருவக்காற்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அடைபட்டுக் கிடக்கும்போது, தீபகற்பத்தின் மறுபக்கத்தில் ஒதுங்கியிருக்கும் இந்தத் தீவு அமைதியாக இருக்கும் என்பதுதான் எங்களைப் போன்ற வடக்கத்திக்காரர்களுக்கு இதனால் கிடைக்கும் முதல் ஆதாயம்.

இனி அந்தக் கலங்கலுக்கு வருகிறேன். நீரிணையின் தரை சேறும் வண்டலும் நிறைந்தது. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடலின் ஏற்ற இறக்கமான ஓதம் பெரிதாகி, நீரோட்டம் வலுத்து, அடியிலுள்ள வண்டலை எல்லாம் கிளப்பிவிடும். அந்நாள்களில் நீட்டிய கை தெரியும், அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அரைநிலாக் காலத்தில் இரண்டு இழுப்புகளும் செங்குத்தாக அமைவதால் ஓதம் சிறுத்து, ஓரிரு நாள் கழித்துத் தண்ணீர் ஓரளவு தெளியும். அரைநிலா என்பது நம் நாள்காட்டியில் அட்டமி. அதற்கு அடுத்த நவமியும் தசமியும் பாயாருக்குப் பொன்னான நாள்கள். பத்து மீட்டர் வரை தெளிவு கிடைத்த என் நல்ல முக்குளிப்புகள் பெரும்பாலும் அந்த நாள்களில்தான் அமைந்தன. சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டு நான் நிற்பதைப் பார்க்கும் அம்மா, "நல்ல காரியத்துக்கு யாராவது அட்டமி நவமியில கிளம்புவாங்களாய்யா?" என்று கேட்காத பயணம் இல்லை. முகூர்த்தம் பார்ப்பவர்கள் ஒதுக்கும் நாளாகப் பார்த்து நான் படகு பதிவு செய்கிறேன்.

தீவின் தென்மேற்கு முனையில் இருக்கும் பவளத் தோட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயணிகளின் கூட்டம் முழுவதும் கடற்கரைப் பக்கத்திலேயே நின்றுவிடுவதால் இங்கே பெரும்பாலும் எங்கள் படகு மட்டுமே இருக்கும். பாறைச் சரிவில் பத்து மீட்டர் ஆழத்தை எட்டும்போது எல்லாமே பாசிபிடித்த குளத்தின் நிறத்தில் இருக்கும். சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடுவதால், கண்ணெதிரே புதர் புதராக நிற்கும் மென்பவளங்கள் வாடிய கீரைக்கட்டைப் போலச் சாம்பல் பூத்துத் தெரியும். முதல் இரண்டு பயணங்களில் கைவிளக்கு இல்லாமல் போனவன் நான். அவற்றைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதி வைத்தேன். மூன்றாவது முறை இரவல் விளக்கொன்றை அருகில் கொண்டுபோய்ப் பிடித்தபோது, மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்தாற்போல அந்தச் சாம்பல் அப்படியே சிவந்தது. பக்கத்துப் புதர் ஊதா, அதற்கடுத்தது மாம்பழ மஞ்சள். கண்ணாடி போன்ற தண்டுக்குள் வெள்ளை ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. நீரோட்டம் சற்று இருந்தால்தான் மென்பவளம் உப்பி விரிந்து நிற்கும், அடியோடு நின்றுவிட்டால் தொய்ந்து சுருங்கிவிடும் என்பது பல முறை போன பிறகே எனக்கு விளங்கியது. ஆகவே ஓதம் திரும்பிய அரைமணி நேரத்திற்குப் பின் இறங்குவதே என் வழக்கமாகிவிட்டது.

காச்சாத் தீவுக்கு அருகில், செயற்கை வாழிடமாகட்டும் என்று மூழ்கடிக்கப்பட்ட மீன்பிடிப் படகுகள் கிடக்கின்றன. மரப்படகு மக்கிப்போகும் என்பதால், இப்போது பார்க்கப் போகிறவர்கள் கப்பல் மாதிரியான காட்சியை எதிர்பார்க்க வேண்டாம்; விலா எலும்பு போன்ற சட்டங்களும் இயந்திரத் துண்டுகளும்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கு இடையில், மலாய்க்காரர்கள் கெராப்பு என்று சொல்லும் கலவா மீன்கள் வாயை மெல்லத் திறந்து மூடியபடி வீட்டுக்காரரைப் போல நிற்கும். சந்தையில் கிலோ என்ன விலைக்கு விற்கும் என்று மனம் ஒரு கணம் கணக்குப் போடாமல் இருப்பதில்லை. அஞ்சாலை மீன், தேள் மீன், கணவாய் ஆகியவற்றையும் இங்கே தவறாமல் பார்த்திருக்கிறேன். கையை எங்கே ஊன்றுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கடல் முள்ளெலியின் முள் ஒடிந்து உள்ளே தங்கிய விரலோடு ஒரு வாரம் தட்டச்சு செய்தவன் சொல்கிறேன்.

செகந்தாங் வேறு கதை. மேற்கே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் விலகித் தனியே நிற்கும் பாறைகள் அவை. கடற்சாமந்திகளும் சிங்க மீன்களும் அங்கே ஏராளம், நீரோட்டமும் அப்படியே. 2017இல் ஒரு முக்குளிப்பு நிறுவனத்தார், பௌர்ணமிக்கு மறுநாள் என்று நான் எடுத்துச் சொல்லியும், "ஓட்டமெல்லாம் இல்லை அண்ணே" என்று கூட்டிச் சென்றார்கள். இறங்கிய சில நிமிடங்களிலேயே பாறை எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. மேலே வந்தபோது படகு கட்டை விரல் அளவுக்குத் தெரிந்தது. ஐந்து பேரில் அடையாள மிதவை வைத்திருந்தவர் ஒருவர்தான். அந்த ஆரஞ்சு நிறக் குழாயைச் சுற்றி நாற்பது நிமிடம் மிதந்தோம். படகோட்டி கண்டுகொண்டு வந்து சேர்ந்ததும், வழிகாட்டி மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகப் பிஸ்கட் நீட்டினார். அதன் பிறகு அவர்களிடம் நான் போகவில்லை; என் மிதவை இல்லாமல் எந்தக் கடலிலும் இறங்கியதும் இல்லை.

கருவிகளைப் பொறுத்தவரை, இந்த நீருக்கு ஏற்றவை என்று அனுபவத்தில் கண்டது சிலதான். அகன்ற ஒளி பரப்பும் விலையுயர்ந்த விளக்கு இங்கே பயன்படாது. மிதக்கும் வண்டல் ஒவ்வொன்றும் ஒளியைத் திருப்பியடித்து, மூடுபனியில் உயர்விளக்குப் போட்ட காடி போலாகிவிடும். குறுகிய கற்றை உள்ள எளிய விளக்கே போதும். வெந்நீர் போன்ற கடலில் உடுப்பு எதற்கு என்று தோன்றலாம், ஆனால் கொட்டும் உயிரிகள் நிறைய இருப்பதால் 3 மில்லிமீட்டர் முழுநீள உடுப்பு எனக்குக் கட்டாயம். அதன் ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்து வைப்பதால் ஒன்பதாவது ஆண்டாக ஓடுகிறது. மூச்சுக்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டரை மட்டும் ஆண்டுக்கொரு முறை பராமரிப்புக்குக் கொடுக்கிறேன்; அதில் சிக்கனம் பார்ப்பதில்லை.

பினாங்கிலிருந்து லங்காவிக்கு நேரடிப் படகில் போன நாள்கள் வசதியானவை. பெருந்தொற்றுக் காலத்தில் அது நின்றதிலிருந்து, பட்டர்வொர்த்திலிருந்து கோல கெடாவுக்குக் காடியில் போய், அங்கிருந்து படகில் லங்காவியின் குவா நகருக்குச் சென்று, ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் பாயாருக்குப் போவது என் வழியாகிவிட்டது. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் திரும்பும் நாளைக் கவனமாக அமைக்க வேண்டும். பல முறை முக்குளித்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. பலர் மறப்பது லங்காவியின் கேபிள் காரை; அதன் உச்சி நிலையம் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, முக்குளிப்பில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறாமல் தங்கியிருக்கும்போது அந்த உயரமும் ஆபத்துதான். மலையை முதல் நாளும் கடலை மறுநாளும் வைத்துக்கொள்ளலாம்.

கடற்கரையோரம் திரியும், துடுப்பின் நுனி கறுத்த சுறாக்குட்டிகள் இன்றும் முழங்கால் ஆழத்தில் வருகின்றன. ரொட்டி வீசுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள், ஒழியவில்லை. பவளத்தைப் பற்றி அவ்வளவு நிம்மதியாகச் சொல்ல முடியாது. கடல் சூடாகிப் பவளம் நிறமிழக்கும் பவள வெளுப்பு, உலகளாவிய அளவில் நான்காவது முறையாக நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட அடுத்த மாதம் நான் அங்கே போயிருந்தேன். ஆறு மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு முறையும் படமெடுத்து வரும் மான்கொம்புப் பவளம் ஒன்று உண்டு. அது சுண்ணாம்பு பூசியதுபோல் நின்றது. இந்த ஆண்டு மார்ச் மாதம், தசமியன்று, மறுபடியும் பார்த்தேன். அடிக்கிளைகளில் பழுப்பு நிறம் திரும்பியிருந்தது. மேல்முனைகளில் பாசி படர்ந்திருந்தது. அதைக் கொறித்துக்கொண்டிருந்த கிளிமீன்கள் என் விளக்கொளியைக் கண்டு விலகவே இல்லை.