கன்சோல் லிங்க் தரும் கருவி: உங்கள் கீ யாருடைய சர்வர் வழியாகப் போகிறது என்று பாருங்கள்

ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) கணக்கைப் பராமரிக்க வெளி நிறுவனத்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். டெர்மினலில் ஒரு கமாண்ட் அடித்தால், பாஸ்வேர்டு கேட்காமல் பிரவுசரில் கன்சோல் (கணக்கை நிர்வகிக்கும் வலைப்பக்கம்) திறக்கும் சிறு கருவி ஒன்றை அப்படி ஒரு நிறுவனம் எங்களுக்குக் கொடுத்தது. கன்சோலைத் திறக்கும் அந்த லிங்க் தயாரானது எங்கள் லேப்டாப்பில் அல்ல, அவர்கள் சர்வரில். கமாண்ட் அடித்த ஒவ்வொரு தடவையும் கணக்கின் தற்காலிகக் கீ (குறிப்பிட்ட நேரம்வரை மட்டும் செல்லும் நுழைவுச் சாவி) அங்கே போயிருக்கிறது. இதை அவர்கள் வாயால் சொல்லவும் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதவும் இல்லை.

இந்த வேலைக்கு நடுவில் யாரும் தேவையே இல்லை. முதலில், தற்காலிகக் கீ வழங்கும் ஏடபிள்யூஎஸ் சேவையான எஸ்டிஎஸ்ஸிடம் அதை வாங்க வேண்டும். அதில் வரும் மூன்று மதிப்புகளையும் செஷன்ஐடி, செஷன்கீ, செஷன்டோக்கன் என்ற பெயர்களில் ஜேசன் என்ற உரை வடிவில் கட்டி, யூஆர்எல் என்கோட் செய்து (முகவரியில் சிதையாதபடி சிறப்புக் குறிகளை மாற்றி எழுதி), சைன்இன் டாட் ஏடபிள்யூஎஸ் டாட் அமேசான் டாட் காம் முகவரியின் ஃபெடரேஷன் பக்கத்துக்கு அனுப்பினால் ஒரு சைன்இன் டோக்கன் வரும். அந்த டோக்கனோடு, திறக்க வேண்டிய கன்சோல் பக்கத்தையும் சேர்த்தால் லிங்க் தயார். 15 நிமிடத்துக்குள் திறக்க வேண்டும். என்கோட் செய்யாமல் விட்டால் டோக்கனில் உள்ள கூட்டல் குறியும் சமக்குறியும் சிதைந்து 400 எரர் வரும். சொந்தமாக எழுதுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் அதுதான். பைத்தானில் முப்பது வரிகூட ஆகாது.

எங்களுக்கு வந்த கருவி இரண்டாவது படியில் அந்த ஜேசனை அமேசானுக்கு அனுப்பாமல் தன் சொந்த டொமைனுக்கு அனுப்பியது. அதுவும் கெட் ரிக்வெஸ்டில், முகவரியின் வாலிலேயே ஒட்டி. அப்படி அனுப்பினால் பெறும் பக்கத்தின் வெப் சர்வர் ஆக்சஸ் லாகில் (வரும் கோரிக்கைகளின் பதிவேடு) முழு வரியும் அப்படியே பதிவாவதுதான் வழக்கம். ஏஎஸ்ஐஏ என்று தொடங்கும் கீ, அதன் ரகசியம், டோக்கன் மூன்றும் ஒரே வரியில். அந்த லாகைப் பார்க்க முடிந்த எவருக்கும் அது போதும். லிங்க்கைச் சுருக்கத்தான் அப்படிச் செய்தோம், எதையும் சேமிப்பதில்லை என்பது அவர்கள் பதில். சேமிக்கவில்லை என்பதைச் சரிபார்க்க வாடிக்கையாளருக்கு எந்த வழியும் கிடையாது.

இதைவிட மோசம், கீ வாங்கிய விதம். ரோல் (தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளும் உரிமைத் தொகுப்பு) எதையும் எடுக்காமல், அட்மின் உரிமை உள்ள ஒரு ஐஏஎம் (யூசர்களையும் உரிமைகளையும் நிர்வகிக்கும் சேவை) யூசரின் நிரந்தரக் கீயை வைத்து, தற்காலிகக் கீ தரும் கெட்ஃபெடரேஷன்டோக்கன் என்ற எஸ்டிஎஸ் அழைப்பைச் செய்திருக்கிறார்கள். கால அளவு 1,29,600 விநாடி, அதாவது அனுமதிக்கப்பட்ட உச்சமான 36 மணி நேரம். இந்த வகைக் கீயால் கமாண்ட் லைனிலோ ஏபிஐ வழியாகவோ ஐஏஎம் சேவையைத் தொட முடியாது என்று ஏடபிள்யூஎஸ் தடுத்து வைத்திருக்கிறது. ஆனால் அதே கீயில் லிங்க் செய்து கன்சோலுக்குள் போனால் அந்தத் தடை இல்லை. புது யூசரை உருவாக்கலாம், புதுக் கீ எடுக்கலாம். லிங்க்தானே, போனால் போகிறது என்று நினைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

கண்டுபிடித்தது, கணக்கில் நடப்பதைப் பதிவு செய்யும் கிளவுட்ட்ரெயிலில். கெட்சைன்இன்டோக்கன் என்ற நிகழ்வைத் தேடுங்கள். அதில் சோர்ஸ் ஐபி உங்கள் அலுவலகத்தின் ஐபியாகவோ விபிஎன் ஐபியாகவோ இருக்க வேண்டும். எங்களுடையதில் வேறு ஏதோ ஹோஸ்டிங் சர்வரின் ஐபி இருந்தது. ஒரு கவனம்: கிளவுட்ட்ரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரி ரீஜன் (சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) வாரியாகத்தான் காட்டும், 90 நாளுக்கு மட்டும். பொது ஃபெடரேஷன் முகவரி வழியாக நடப்பவை வடக்கு வர்ஜீனியா ரீஜனில் பதிவாகும். உங்கள் சர்வர்கள் மும்பையில் இருக்கின்றன என்று மும்பையை மட்டும் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் தெரியும்.

விஷயம் வெளியே வந்ததும் அந்த நிறுவனம் நிரந்தரக் கீயை முடக்கிவிட்டு, பிரச்சினை முடிந்தது என்று எழுதி அனுப்பியது. முடியவில்லை. நிரந்தரக் கீயை முடக்கினால் புதிதாகத் தற்காலிகக் கீ வாங்க முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே வாங்கியது அதன் காலம் முடியும்வரை உயிரோடு இருக்கும். அதை வைத்து வேண்டுமளவு புது லிங்க் செய்யலாம். பாதுகாப்பை விற்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

நிஜமாக நிறுத்த வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். அந்த யூசருக்கே எல்லாவற்றையும் மறுக்கும் ஒரு டினை பாலிசியை இணையுங்கள். ஃபெடரேஷன் கீயின் உரிமை அந்த யூசரின் உரிமையைத் தாண்டாது என்பதால் கூடவே அதுவும் செத்துவிடும். யூசரை வேறு வேலைக்கும் பயன்படுத்துகிறீர்கள், முழுதாக மறுக்க முடியாது என்றால், ஏடபிள்யூஎஸ் டோக்கன்இஷ்யூடைம் என்ற கண்டிஷனை வைத்து, இந்த நேரத்துக்கு முன் வழங்கப்பட்ட டோக்கன்கள் செல்லாது என்று எழுதலாம். ரோல் வழியாக எடுத்த கீ என்றால் ஐஏஎம் பக்கத்தில் அந்த ரோலைத் திறந்து ரிவோக் செஷன்ஸ் தாவலுக்குப் போனால் ஒரே பட்டனில் இதே பாலிசி சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு புது யூசர்கள், புது ஆக்சஸ் கீகள், ரோல்களின் டிரஸ்ட் பாலிசியில் (ரோலை யார் எடுக்கலாம் என்ற விதி) தெரியாத கணக்கு எண்கள், நீங்கள் பயன்படுத்தாத ரீஜன்களில் ஓடும் இன்ஸ்டன்ஸ்கள் (கிளவுட் சர்வர்கள்) எல்லாவற்றையும் பாருங்கள்.

கையில் வந்திருக்கும் கருவியைச் சோதிக்க, எந்த உரிமையும் இல்லாத ஒரு ரோலை உருவாக்கி, எது எங்கே போகிறது என்று காட்டும் மிட்ம்ப்ராக்ஸி வழியாக ஒரு முறை ஓட்டுங்கள். எஸ்டிஎஸ், சைன்இன் இரண்டு முகவரிகளைத் தவிர மூன்றாவது டொமைன் ஒன்று தெரிந்தால் அத்தோடு தூக்கிப் போடுங்கள். சோர்ஸ் கோடு தராத பைனரி என்றால் சோதனைகூட வேண்டாம். கிடைக்கும் லிங்க்கில் இஷ்யூயர் என்ற பகுதியையும் பாருங்கள். செஷன் காலாவதியானதும் கன்சோல் உங்களை அனுப்பி வைக்கும் இடம் அது. அங்கே வேறொருவரின் பக்கம் இருந்தால், மறுபடி லாகின் செய்யுங்கள் என்று கேட்டு பாஸ்வேர்டைப் பிடுங்க நல்ல வசதி.

மாற்று ஏற்கெனவே இருக்கிறது, திறந்த மூலத்தில். ஏடபிள்யூஎஸ்-வால்ட் நிரந்தரக் கீயை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கீசெயினில் வைத்துக்கொண்டு, அதன் லாகின் கமாண்டில் கன்சோலைத் திறக்கும். கிராண்டட் என்ற கருவியில் அஸ்யூம் ஹைஃபன் சி என்று அடித்தால் ஃபயர்ஃபாக்ஸில் ஒவ்வொரு கணக்கும் தனித்தனி கன்டெய்னரில் திறக்கும். பல கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஏடபிள்யூஎஸ்ஸின் லாகின் சேவையான ஐடென்டிட்டி சென்டர் இருந்தால் நிரந்தரக் கீயே தேவைப்படாது. எதைப் பயன்படுத்தினாலும் ரோலுக்கு எம்எஃப்ஏ (இரண்டாவது சரிபார்ப்பு) கட்டாயம் வையுங்கள். லிங்க் கோரும்போது கொடுக்கும் செஷன்டியூரேஷன் (கன்சோல் திறந்திருக்கும் நேரம், விநாடியில்) மதிப்பைத் தனியாகக் குறையுங்கள்: கீ ஒரு மணி நேரத்துக்கு என்றாலும், அதில் 43,200 என்று போட்டிருந்தால் கன்சோல் 12 மணி நேரம் திறந்திருக்கும். லிங்க்கைத் திரையில் அச்சிடும் ஆப்ஷனை சிஐ பைப்லைனில் (கோடைத் தானாக பில்ட் செய்யும் அமைப்பு) ஒருபோதும் போடாதீர்கள், பில்ட் லாகில் தங்கிவிடும். சாட்டிலும் ஒட்டாதீர்கள், 15 நிமிடத்துக்குள் கிளிக் செய்பவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஆர்கனைசேஷன்ஸ் (பல கணக்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் சேவை) பயன்படுத்துபவர்கள் கெட்ஃபெடரேஷன்டோக்கன் அழைப்பையே எஸ்சிபி (கணக்குகளுக்கு மேலிருந்து போடும் கட்டுப்பாட்டு விதி) போட்டு மொத்தமாக மறுத்துவிடலாம். ரோல் வழியாக வேலை செய்யும் கணக்குகளில் அதற்குத் தேவை அநேகமாக இருக்காது. தலைமைக் கணக்கான மேனேஜ்மென்ட் கணக்கை மட்டும் எஸ்சிபி கட்டுப்படுத்தாது. அங்கே நிரந்தரக் கீயோடு இருக்கும் யூசர்களை ஒவ்வொருவராகப் பார்த்து நீக்க வேண்டும்.